ஐஆர் சீரியல் மக்கர் பண்ணுகிறதா? கம்பியில் தொடங்கி பால்கனி வரை ஒரு முழு வழிகாட்டி

ரங்கூனில் கரண்ட் திரும்பி வந்தால் யாரும் அறிவிக்கத் தேவையில்லை. ஏதாவது ஒரு மாடியிலிருந்து ஒரு பிள்ளை "மீ லாபீ!" என்று கத்தும், அடுத்த நொடி தெருவே சேர்ந்து கத்தும். நானும் எதிர்வீட்டுத் தம்பியும் இரண்டு அர்டுயினோ போர்டுகளை (புரோகிராம் ஏற்றி ஓட்டும் குட்டிச் சர்க்யூட் பலகைகள்) ஐஆர், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வழியாக, ஒரு பிட்டுக்குப் பின் இன்னொரு பிட்டாகச் சீரியல் முறையில் பேசவைக்கப் படாதபாடு பட்ட நாட்களில், அந்தக் கூச்சல் கேட்டால் எங்களுக்கு மட்டும் வயிறு கலங்கும். கரண்ட் இல்லாதபோது பவர் பேங்கில் அருமையாக ஓடும், தெருவுக்கு வெளிச்சம் வந்த நிமிடத்தில் திரையில் குப்பை கொட்டும். "அண்ணே, ஒண்ணுமே புரியலண்ணே, புரோகிராம் கோடு சரியாத்தான் இருக்கு" என்று அவன் பால்கனியிலிருந்து கத்துவான். கோடு சரியாகத்தான் இருந்தது. மூன்று நாள் அதையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தோம் என்பதுதான் வெட்கக்கேடு. காரணம் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அவனுடைய படிப்புக்கான புராஜெக்ட் அது. அவன் அறையின் வெப்பநிலை, பின்சந்துக்கு அப்பால் ஏழெட்டு மீட்டர் தள்ளியிருக்கும் என் பால்கனித் திரையில் தெரியவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்குள் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஐஆர் ரிசீவர் என்று கடையில் கேட்டால் எடுத்துக்கொடுக்கும் அந்த மூன்று கால் சாமான், டிஎஸ்ஓபி 38238 ஆகட்டும், விஎஸ் 1838பி ஆகட்டும், டிவி ரிமோட்டுக்காகச் செய்தது. ரிமோட் எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். பரவலாக இருக்கும் என்இசி முறையில் முதலில் 9 மில்லி வினாடி நீளத்துக்கு ஒரு துடிப்பு, 4.5 மில்லி வினாடி மௌனம், அப்புறம் 560 மைக்ரோ வினாடி அளவில் குட்டிக் குட்டித் துடிப்புகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு விடும் இடைவெளி. ரிசீவர் எதிர்பார்ப்பது இந்த நடையைத்தான். ஒளி இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தால் இது ஏதோ விளக்கின் தொல்லை என்று முடிவுகட்டி, தன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஏஜிசி சுற்றுக்கு (வரும் சிக்னலுக்கேற்பத் தன் உணர்திறனைத் தானே கூட்டிக் குறைப்பது) வேலையே அது. நாமோ அதைக் கம்பி மாதிரி நினைத்து வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் பைட் பைட்டாகத் தள்ளிவிட்டு, "ஏன் வரவில்லை" என்று கேட்கிறோம்.

1. ஒளியை மறந்துவிட்டுக் கம்பியைப் போடுங்கள்

ஒரு போர்டின் டிஎக்ஸ் (அனுப்பும்) பின்னை மற்றதன் ஆர்எக்ஸ் (வாங்கும்) பின்னில் ஜம்பர் கம்பியால் நேராகச் சேருங்கள், கிரவுண்டையும் கிரவுண்டையும் சேருங்கள். இரண்டாவதை மறப்பவர்கள்தான் அதிகம். இரண்டு பக்கமும் 1200 பாட் (வினாடிக்கு 1200 பிட்), 8 பிட், பாரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) இல்லை, பைட்டின் முடிவைக் காட்ட 1 ஸ்டாப் பிட். வினாடிக்கு ஒரு எழுத்து அனுப்புங்கள். ஒரு போர்டு 5 வோல்ட், மற்றது 3.3 வோல்ட் என்றால், 5 வோல்ட் டிஎக்ஸிலிருந்து வரும் வழியில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் இரண்டையும் வைத்து வோல்டேஜைப் பிரித்துவிடுங்கள். அர்டுயினோ உனோ போர்டில் 0, 1 பின்கள் யூஎஸ்பிக்கும் பொது. அதில் ரிசீவரையோ கம்பியையோ செருகிவைத்துக்கொண்டு புரோகிராம் ஏற்ற முயன்றால் ஏறாது, கழற்றிவிட்டு ஏற்றுங்கள். அடிக்கடி கழற்றச் சலிப்பாக இருந்தால் சாப்ட்வேர் சீரியலை (சீரியல் வேலையைப் புரோகிராமே செய்யும் லைப்ரரி) வேறு பின்களில் வைத்துக்கொள்ளலாம், நாம் ஓட்டப்போகும் மெதுவான வேகத்துக்கு அது தாராளம்.

கம்பியிலேயே குப்பை வந்தால், சிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் கிளாக்தான் குற்றவாளி. தனியாக வாங்கிய புது அட்மெகா 328 சிப் (உனோவின் மூளை), தொழிற்சாலையிலிருந்து வரும்போது தன் உள் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். நீங்கள் 16 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்து எழுதிய புரோகிராம் அதில் பதினாறு மடங்கு மெதுவாக நகரும். சரி, ஃபியூஸை (சிப்புக்குள் இருக்கும் அமைப்பு பிட்டுகளை) மாற்றி 8க்குக் கொண்டுவந்துவிட்டேன் என்றாலும், அந்த உள் ஆசிலேட்டரின் துல்லியம் தொழிற்சாலை அளவில் 10 சதவீதம் முன்பின் இருக்கலாம். சீரியலுக்கோ இரண்டு பக்கமும் சேர்த்து நாலைந்து சதவீதப் பிழையே எல்லை, இரண்டுக்குள் இருந்தால் நிம்மதி. 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

கம்பியில் ஒரு மணி நேரம் ஒரு எழுத்துகூடத் தவறாமல் ஓடும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். பின்னால் எது கெட்டாலும் "கோடாக இருக்குமோ" என்ற சந்தேகம் வராது. நாங்கள் இதைத் தாண்டிக் குதித்ததால்தான் மூன்று நாள் போனது.

2. கேரியர்

ரிசீவர் காதுகொடுப்பது வினாடிக்கு சுமார் 38,000 முறை துடிக்கும் ஒளிக்குத்தான், அந்தத் துடிப்புதான் கேரியர். இந்த 38 கிலோஹெர்ட்ஸ் அலையைச் சிப்புக்குள் இருக்கும் டைமரிடம் விட்டுவிடுங்கள். புரோகிராமில் ஆன், ஆஃப், தாமதம் என்று கையால் உருவாக்கினால், சீரியல் இன்டரப்ட் (சீரியல் வேலைக்காகச் சிப் நடுவில் எழுந்து போவது) ஒவ்வொரு முறை வரும்போதும் அலை தடுமாறும். 16 மெகாஹெர்ட்ஸ் அட்மெகாவில் டைமர் 2, வகுத்தல் இல்லாமல், ஒப்பீட்டு எண் 209, ஒவ்வொரு முறை எட்டும்போதும் பின்னைப் புரட்டும் முறை. 0விலிருந்து 209 வரை 210 எண்ணிக்கை, ஒரு முழு அலைக்கு இரண்டு புரட்டல், ஆக 420. 16,000,000ஐ 420ஆல் வகுத்தால் 38,095. போதுமான அளவு நெருக்கம். உனோவில் இது 11ஆம் பின்னில் வரும். ஒலி எழுப்பும் டோன் கட்டளையும், பிரபலமான ஐஆர் ரிமோட் லைப்ரரியும் இதே டைமரைத்தான் பிடுங்கும், ஒன்றாக வைக்காதீர்கள்.

ஆசிலாஸ்கோப் இல்லையே என்று கவலைப்படவேண்டாம். அலை ஓடும் பின்னை மல்டிமீட்டரில் டிசி வோல்டேஜ் வைத்துப் பார்த்தால் பாதி, அதாவது சுமார் 2.5 வோல்ட் காட்டவேண்டும். 5 அல்லது 0 காட்டினால் அலை இல்லை. காதாலும் சோதிக்கலாம்: அதிர்வெண்ணைத் தற்காலிகமாக 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி ஒரு பசர் தட்டை ஒட்டினால் "பீ" என்று கேட்கும். கேட்டதும் மறக்காமல் 38க்குத் திருப்புங்கள். தம்பி ஒருமுறை மறந்துவிட்டு ஒரு மாலை முழுக்க ரிசீவரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

3. எல்இடியும் தலைகீழ் லாஜிக்கும்

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். சீரியல் சும்மா இருக்கும்போது லைன் 1ல் நிற்கும், பைட்டின் தொடக்கத்தை அறிவிக்கும் ஸ்டார்ட் பிட் 0. ரிசீவரும் ஒளி இல்லாதபோது வெளியே 1 தரும், 38 கிலோஹெர்ட்ஸ் ஒளி பட்டால் 0க்கு இறங்கும். அதனால் 0 அனுப்பும்போது எல்இடி துடிக்கவேண்டும், 1 அனுப்பும்போதும் சும்மா இருக்கும்போதும் அணைந்திருக்கவேண்டும். அப்படி வைத்தால் ரிசீவரின் வெளிப்பாட்டை எந்த இன்வெர்ட்டரும் இல்லாமல் நேராக ஆர்எக்ஸில் சேர்க்கலாம். மாற்றி வைத்தால் சும்மா இருக்கும் நேரமெல்லாம் எல்இடி எரிந்துகொண்டிருக்கும், ரிசீவர் காதை அடைத்துக்கொள்ளும்.

மேஜைச் சோதனைக்கு ஒரு சோம்பேறி வழி உண்டு. எல்இடியின் நீளக் காலை 220 ஓம் வழியாகக் கேரியர் பின்னிலும், குட்டைக் காலை நேராக டிஎக்ஸ் பின்னிலும் செருகுங்கள். டிஎக்ஸ் 0 ஆனால் கேரியர் எல்இடி வழியாகப் பாயும். டிஎக்ஸ் 1 ஆனால் பாய வழியில்லை. கேட் சிப்பெல்லாம் வேண்டாம். கிடைக்கும் கரண்ட் சுமார் 17 மில்லி ஆம்பியர், ஓர் அறைக்குப் போதும்.

சந்துக்கு அந்தப் பக்கம் போகவேண்டுமென்றால் டிரான்சிஸ்டர் தேவை. 2என்2222 ஒன்றின் பேஸுக்குக் கேரியரை 1 கிலோ ஓம் வழியாகக் கொடுங்கள். எமிட்டர் கிரவுண்டுக்கு. கலெக்டரில் எல்இடி, அதற்கு மேல் 47 ஓம், அதற்கு மேல் 5 வோல்ட். இன்னொரு டிரான்சிஸ்டரின் பேஸை 10 கிலோ ஓம் வழியாக டிஎக்ஸில் சேர்த்து, அதன் கலெக்டரை முதல் டிரான்சிஸ்டரின் பேஸில் கட்டி, எமிட்டரைக் கிரவுண்டு செய்துவிடுங்கள். டிஎக்ஸ் 1ல் நிற்கும் வரை இரண்டாமவன் முதலாமவனின் கழுத்தைப் பிடித்து அமுக்கிவைத்திருப்பான். 0 ஆனதும் விடுவான். உச்சத்தில் 75 மில்லி ஆம்பியர் வரை போகும், நல்ல வீச்சு.

எல்இடி எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவில் பாருங்கள். பின் கேமராவில் பெரும்பாலும் ஐஆர் வடிகட்டி இருக்கும், செல்ஃபி கேமராவில் ஊதா கலந்த வெள்ளையாகத் தெரிய வாய்ப்பு அதிகம். முதலில் வேலை செய்யும் ஒரு டிவி ரிமோட்டைக் காட்டி உங்கள் கேமரா நம்பத்தகுந்ததா என்று தெரிந்துகொண்டு அப்புறம் எல்இடியைச் சந்தேகப்படுங்கள்.

4. ரிசீவரைத் தனியாகச் சோதியுங்கள்

அனுப்பும் பக்கத்தை ஒதுக்கிவிட்டு, ரிசீவருக்கு மின்சாரம் மட்டும் கொடுத்து, வெளிப்பாட்டுக் காலில் மல்டிமீட்டர் வையுங்கள். சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட முழு வோல்டேஜ். ரிமோட்டை எதிரே அமுக்கினால் ஊசி இறங்கி ஆடவேண்டும்.

ஆடவில்லையா, கால்களைப் பாருங்கள். குமிழ் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் 38238க்கும் 1838பிக்கும் இடமிருந்து வெளிப்பாடு, கிரவுண்டு, மின்சாரம். பழைய 1738க்கு கிரவுண்டு, மின்சாரம், வெளிப்பாடு. மாற்றிச் செருகினால் சிப் கொதிக்கும், விரலை வைத்தால் தெரியும், அதோடு அதன் ஆயுள் முடிந்ததாகவும் இருக்கலாம். பழைய 1738க்கு 4.5 வோல்ட்டுக்குக் கீழே பிடிக்காது, 3.3 வோல்ட் போர்டில் அதைச் செருகிவிட்டு அழாதீர்கள். மின்சாரக் காலுக்கு முன்னால் 100 ஓம், காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், சிப்புக்கு ஒட்டினாற்போல. ஐந்து நிமிட வேலை. மலிவு பவர் சப்ளையின் இரைச்சல் இதில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

5. வேகம், அதைவிட முக்கியமாகப் பைட்டின் உருவம்

இப்போது இரண்டையும் எதிரெதிரே வைத்து அனுப்புகிறீர்கள். சில எழுத்துகள் வருகின்றன, சில வரவில்லை. எண்கள் வருகின்றன, பூஜ்ய பைட் வந்தால் நின்றுவிடுகிறது. கொஞ்சம் கணக்குப் போடவேண்டும்.

38 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று, அதாவது அலையின் ஒரு ஏற்ற இறக்கம், சுமார் 26 மைக்ரோ வினாடி. ஒரு துடிப்பை நம்ப 38238க்குக் குறைந்தது 10 சுற்று வேண்டும், அதாவது 263 மைக்ரோ வினாடி. 9600 பாட்டில் ஒரு பிட் 104 மைக்ரோ வினாடிதான், வெறும் 4 சுற்று. 4800ல் 8 சுற்று. இரண்டுமே ஆகாது. 2400ல் 416 மைக்ரோ வினாடி, கிட்டத்தட்ட 16 சுற்று, ஆகும். அதோடு துடிப்பு உள்ளே போன அகலத்தில் வெளியே வராது: 5 சுற்று குறையலாம், 6 சுற்று கூடலாம். 6 சுற்று என்றால் 158 மைக்ரோ வினாடி. சீரியல் ஒவ்வொரு பிட்டையும் அதன் நடுப்புள்ளியில்தான் படிக்கும். 2400ல் அது 208ல் இருக்கிறது, மிச்சம் இருப்பது 50 மைக்ரோ வினாடி. கிளாக் கொஞ்சம் விலகினாலும் போச்சு. 1200ல் நடுப்புள்ளி 416ல், நிம்மதியாகத் தூங்கலாம். நான் 1200லேயே நிற்கிறேன்.

ஆனால் மெதுவாகப் போனால் எதிர்ப்பக்கத்தில் இடிக்கும். 70 சுற்றுக்கு மேல் நீளும் துடிப்புக்கு, அதன் நான்கு மடங்கு நேரம் மௌனம் வேண்டும் என்று 38238 கேட்கும். பூஜ்ய பைட் என்றால் ஸ்டார்ட் பிட்டோடு சேர்த்து ஒன்பது 0, 1200ல் 7.5 மில்லி வினாடி, 285 சுற்று. அதற்கு 30 மில்லி வினாடி ஓய்வு கொடுக்காமல் அடுத்த பைட்டைத் தள்ளினால் ரிசீவர் செவிடாகும். முதல் சில பைட் சரியாக வந்து அப்புறம் நின்றுபோனால் ஏறக்குறைய எப்போதும் இதுதான்.

தீர்வு மான்செஸ்டர் முறை. ஒவ்வொரு 0 பிட்டையும் 01 என்றும், ஒவ்வொரு 1 பிட்டையும் 10 என்றும் எழுதுங்கள். அரை பைட், அதாவது நாலு பிட், ஒரு முழு பைட்டாக விரியும். 0 என்ற அரை பைட் 85 ஆகும், 15 என்பது 170 ஆகும். இப்படிச் செய்தால் ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்து எந்த இடத்திலும் இரண்டு 0களுக்கு மேல் தொடர்ந்து வராது. 1200ல் இரண்டு பிட் என்பது 63 சுற்று. 70க்குள் அடங்கிவிட்டது பாருங்கள். பத்து பிட்டில் ஐந்து எரியும், ஐந்து அணையும், ரிசீவருக்கு மூச்சு விட நேரமும் கிடைக்கும். வினாடிக்கு 60 பைட்தான் போகும். வெப்பநிலை அனுப்ப அது எக்கச்சக்கம். போனஸாக, 00 அல்லது 11 என்ற ஜோடி வந்தாலே அந்த பைட் கெட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

டிஎஸ்ஓபி 384 வகை ரிசீவர் கையில் இருந்தால் அதன் எல்லை 70 இல்லை, 35 சுற்றுதான். அதற்கு 2400ல் ஓட்டுங்கள், இரண்டு பிட் 32 சுற்றுக்குள் நிற்கும், ஆனால் இரண்டு பக்கமும் கிரிஸ்டல் கட்டாயம்.

வேகம்தான் வேண்டும், தூரம் ஒரு மீட்டர் போதும் என்றால் இந்த ரிசீவரையே விட்டுவிடுங்கள். ஐஆர்டிஏ என்று வேறொரு முறை இருக்கிறது. அதில் கேரியர் கிடையாது, பிட்டின் 3/16 பங்கு நீளத் துடிப்பு, 115,200 வரை போகும். பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் குழப்பி, ஒன்றின் அனுப்பியை மற்றதன் ரிசீவருக்கு எதிரே வைத்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

6. குப்பையைப் படியுங்கள்

வரும் குப்பையை எழுத்தாகப் பார்க்காமல் எண்ணாக அச்சிடுங்கள். 255, 254, 252, 248 என்று வந்துகொண்டிருந்தால் யாரும் எதையும் அனுப்பவே இல்லை. ஒரு தனி இரைச்சல் துடிப்பு ஸ்டார்ட் பிட் வேஷம் போட்டிருக்கிறது, பின்னால் எல்லாம் 1. துடிப்பு ஒரு பிட் நீளமென்றால் 255, இரண்டு பிட் நீளமென்றால் 254, மூன்று 252, நான்கு 248. எங்கள் திரையில் கரண்ட் வந்ததும் கொட்டியது இந்த எண்கள்தான், நாங்கள்தான் அவற்றை விசித்திர எழுத்துகளாகப் பார்த்துக்கொண்டு கோடைத் திருத்தினோம்.

அவன் மேஜைக்கு நேர் மேலே ஒரு சிஎஃப்எல் விளக்கு. அதன் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் சோக் பத்தாயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஓடும், ஒளியும் அந்த வேகத்தில் துடிக்கும், ஐஆரும் அதில் கலந்திருக்கும். ரிசீவருக்கு அது ஒரு கூட்டம் சேர்ந்து கத்துவது மாதிரி. ஒரு அட்டையை எடுத்து விளக்குக்கும் ரிசீவருக்கும் நடுவே பிடித்தேன், குப்பை நின்றது. எடுத்தேன், கொட்டியது. மூன்று நாளுக்கு ஒரு அட்டை. உங்கள் சோதனையின் முதல் நாளே இதைச் செய்துபாருங்கள்: விளக்கை அணையுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், என்ன மாறுகிறது என்று பாருங்கள்.

7. தன் குரலைத் தானே கேட்பது

இரண்டு பக்கமும் பேசும் என்றால், நீங்கள் அனுப்புவது சுவரில் பட்டு உங்கள் ரிசீவருக்கே திரும்பி வரும். அனுப்பும்போது வரும் எதையும் தூக்கிப்போடுங்கள், முடிந்தபின் 20 மில்லி வினாடி பொறுத்து, பஃபரை (வந்த பைட்டுகள் தேங்கும் இடம்) காலிசெய்துவிட்டுக் கேளுங்கள். எல்இடிக்கும் ரிசீவருக்கும் நடுவே தடுப்பு வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. கறுப்பாக இருக்கும் எல்லாப் பிளாஸ்டிக்கும் ஐஆரைத் தடுக்காது, ரிசீவரின் கறுப்பு உடம்பே ஐஆருக்குக் கண்ணாடி மாதிரிதான். அலுமினியத் தாள் சுற்றிய அட்டை நிச்சயம் தடுக்கும்.

8. பாக்கெட், அப்புறம் பால்கனி

ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ரிசீவரை எழுப்ப 85ஐ நான்கைந்து முறை அனுப்புங்கள். அதன் பின் உடனே தகவலைத் தொடராதீர்கள். 85 என்பது லைனில் 0101 என்று சமமாக ஓடுவதால், நடுவில் விழித்த ரிசீவர் எந்த 0வையும் ஸ்டார்ட் பிட் என்று எடுத்துக்கொள்ளும், பிழையும் காட்டாது, கடைசிவரை தப்பாகவே படிக்கும். 20 மில்லி வினாடி மௌனம் விட்டால் சரியாகிவிடும். அப்புறம் தொடக்க அடையாளமாக 219. மான்செஸ்டரில் இந்த எண் வரவே வராது, நீளமான 0 வரிசையும் இதில் இல்லை. பின்னால் நீளம், தகவல், ஒரு சரிபார்ப்பு பைட். இதெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பாக்கெட். வாங்கியவர் "கிடைத்தது" என்று பதில் அனுப்பவேண்டும், அரை வினாடிக்குள் வராவிட்டால் மறுபடி அனுப்புங்கள், மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

பால்கனிக்கு வந்தால் குறி பார்ப்பதுதான் பெரிய வேலை. டிஎஸ்ஏஎல் 6100 எல்இடியின் ஒளி நடுவிலிருந்து 10 டிகிரிக்குள் பாதியாகிவிடும், எட்டு மீட்டரில் அது சுமார் 1.4 மீட்டர் ஆரமுள்ள வட்டம். 6200க்கு 17 டிகிரி, வீச்சு குறைவு, குறி பார்ப்பது சுலபம். நாங்கள் எல்இடியைப் பேனா மூடிக்குள் சொருகி, ரிசீவர் பக்கம் ஒவ்வொரு நல்ல பாக்கெட்டுக்கும் ஒரு விளக்கு மின்னும்படி வைத்து, அவன் அங்கிருந்து "இன்னும் கொஞ்சம் இடது, அண்ணே, போதும் போதும்" என்று கத்தக் கத்தத் திருப்பினோம். எல்இடி மாற்றவேண்டியபோது மாடி இறங்கி ஏறவில்லை. காய்கறியும் பத்திரிகையும் மேலே இழுக்கப் பால்கனியில் தொங்கவிட்டிருக்கும் கயிற்றுக் கிளிப் இருக்கிறதே, அதில் ஒரு பொட்டலம் மாட்டினால் போதும்.

வெயில் வேறு கதை. நேர் வெயில் ரிசீவரில் விழுந்தால் தூரம் பாதிக்கும் கீழே போகும், எந்தக் கோடும் அதைக் காப்பாற்றாது. ஒரு ஜாண் நீளப் பிவிசி குழாய்த் துண்டை உள்ளே கறுப்புத் தாள் ஒட்டிக் கூடாரம் மாதிரி மாட்டினோம், ஐஆர் அந்தத் தாளைத் தாண்டுகிறதா என்று ரிமோட்டால் சோதித்த பிறகுதான். மழைக்காலத்தில் சாரல் உள்ளே வராமல் வாயைக் கொஞ்சம் கீழே சாய்த்திருக்கிறோம். மாலையில் சூரியன் சந்துக்கு நேராக இறங்கும் அரை மணி நேரம் மட்டும் இன்னும் இரண்டு மூன்று தடவை திரும்ப அனுப்பவேண்டியிருக்கிறது. மற்ற நேரமெல்லாம், கரண்ட் வந்தாலும் போனாலும், அவன் அறை எத்தனை டிகிரி என்று என் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.